பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் ஒரு சனிக்கிழமை காலை. வீட்டை ஒட்டிய கராஜ். உள்ளே 1980-களின் நடுவில் வந்த ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் கார். ஓனருக்கு ஒரு வாரமாகத் தலைவலி. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, ஆனால் சிக்னலில் நின்றால் இருமி இருமி உயிரை விடுகிறது. டேஷ்போர்டில் 'செக் எஞ்ஜின்' என்று ஒரு மஞ்சள் விளக்கு அவரையே முறைத்துப் பார்க்கிறது. கம்பெனி சர்வீஸுக்குப் போனால் பர்ஸ் காலி. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நேரே காயலான் கடைக்குப் போய், அதே மாடல் கார் ஒன்றின் வயிற்றிலிருந்து ஓர் அலுமினியப் பெட்டியைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். விலை, புதுப் பெட்டியின் விலையில் கொஞ்சூண்டு!

ஒரு தடித்த புத்தகத்தின் சைஸில் இருக்கும் அந்தப் பெட்டிக்குப் பெயர் எஞ்ஜின் கன்ட்ரோல் யூனிட். சுருக்கமாக ஈ.சி.யு. எளிமையாகச் சொன்னால், காரின் மூளை. எஞ்ஜினுக்குள் எத்தனை துளி பெட்ரோல் போக வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி பறக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான்.

வாருங்கள், அந்த மனிதரின் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் வேடிக்கை பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். விவரம் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் பெட்டியின்மேல் பழி போட மாட்டார்கள். பத்துக்கு ஒன்பது முறை குற்றவாளி வேறு எங்கோ ஒளிந்திருப்பான். துருப்பிடித்த எர்த் ஒயர், எலி கடித்த ஒயர், செத்துப்போன சென்சார்... இப்படி! இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்டியின் ஆணைக்குக் கட்டுப்பட்டுத் திறந்து மூடும் ஏதாவதொரு குட்டி வால்வின் காயில் ஷார்ட் ஆகியிருந்தால், அதுதான் பழைய பெட்டியைக் கொன்றிருக்கும். அதைக் கவனிக்காமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்! ஆகவே நம் ஆசாமி மீட்டரை எடுத்து, ஒவ்வொரு காயிலாக அளந்து பார்க்கிறார். எல்லாம் 20 ஓம்ஸுக்கு மேல் காட்டுகிறது. சரி, மேலே போகலாம்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுகிறார். ஓர் இரும்பைத் தொட்டுத் தன் உடம்பிலுள்ள மின்னூட்டத்தைப் போக்கிக்கொள்கிறார் (நைலான் சட்டை போட்ட விரல் நுனியிலிருந்து தாவும் ஒரு குட்டிப் பொறி போதும், சிப் காலி!). கையுறைப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, ஸ்க்ரூக்களைத் திருகி, கனெக்டர்களை உருவி, பழைய பெட்டியை வெளியே எடுக்கிறார்.

அடுத்து நடப்பதுதான் அழகு. பழைய பெட்டியின் முதுகில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால், கரப்பான்பூச்சி மாதிரி கால்களுடன் ஒரு சிப். அதற்கு ப்ராம் என்று பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் பல மாடல்களுக்கும் ஒரே பெட்டியைத்தான் தயாரித்தது. ஆனால் இந்தக் காரின் எடை என்ன, எந்த எஞ்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்ற குறிப்புகள் முழுக்க அந்தச் சின்ன சிப்பில்தான். அதாவது, பெட்டி உடம்பு என்றால் சிப் ஆத்மா! நம் ஆள் அந்த ஆத்மாவைப் பதமாகப் பிடுங்கி, காயலான் கடை உடம்பில் கூடு விட்டுக் கூடு பாய வைக்கிறார். திசை மாற்றி மாட்டி சாவியைத் திருப்பினால், ஆத்மா அந்த நிமிடமே சாம்பல். ஆகவே ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்க்கிறார்.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டியாயிற்று. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்யூட்டரா, ஸ்கேனரா? ம்ஹும். ஒரு பேப்பர் கிளிப் போதும்! டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு கனெக்டரில், குறிப்பிட்ட இரண்டு துளைகளை பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், அந்த மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிப் பேச ஆரம்பிக்கும். ஒரு சிமிட்டல். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் இரண்டு சிமிட்டல். இப்படி மூன்று முறை. அதாவது 12. "நான் விழித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்ஜின்தான் இன்னும் சுழலவில்லை" என்று அர்த்தம். அதற்குப் பதில் 51 என்று சிமிட்டினால் "ஆத்மா சரியாக உட்காரவில்லை ஐயா" என்று பொருள்!

நம் ஆளுக்கு 12 வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. தன் காரின் மூளையைத் தன் கையாலேயே மாற்றிவிட்ட பெருமையுடன் ஒரு ரவுண்டு போய் வருகிறார்.

நிற்க. இதே மனிதர் இன்றைய புதுக் கார் ஒன்றில் இதே வேலையைச் செய்ய முயன்றால்? பெட்டியைக் கழற்றலாம், மாட்டலாம். ஆனால் வண்டி கிளம்பாது. சாவி சரியான சாவிதான். கார் அவருடைய கார்தான். ஆனாலும் புதுப் பெட்டி "நீ யாரப்பா?" என்று கேட்கும்!

அந்த அலுமினியப் பெட்டி முதலில் காருக்குள் எப்படி வந்தது, பிறகு யார் அதைப் பூட்டினார்கள், பூட்டியதால் என்ன விபரீதம் நடந்தது? இது ஒரு சுவாரஸ்யமான கதை. எஞ்ஜினில் அல்ல, அன்னாசிப் பழத்தில் ஆரம்பிக்கிற கதை!

*

1943-ம் ஆண்டு, ஜூலை 26-ம் தேதி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் வீட்டுக்கு வெளியே வந்தால், கண்ணெதிரே பழுப்பு நிறத்தில் ஒரு புகைத்திரை! கண்ணில் எரிச்சல், தொண்டையில் கமறல். ஜப்பான்காரன் விஷ வாயுவை வீசிவிட்டான் என்றே பலர் பயந்து போனார்கள். பிறகு, நகரின் நடுவே செயற்கை ரப்பருக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையின்மேல் சந்தேகம் விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தார்கள். புகை போகவில்லை. வருடா வருடம் வந்தது.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் போலீஸ்காரர் அல்ல. கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு விஞ்ஞானி. மனிதர் அப்போது செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எதனால் வருகிறது என்பது! பழத்தின் ஆவியைக் குளிர வைத்துப் பிடித்துப் பரிசோதிக்கும் அதே கருவிகளில், ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றைப் பிடித்துப் பார்த்தார். அன்னாசிக்குப் பதிலாகக் கிடைத்தது, மூக்கைத் துளைக்கும் பழுப்புத் திரவம்.

1950-களின் ஆரம்பத்தில் அவர் முடிவைச் சொன்னார். கார்களின் சைலன்ஸரிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் ஒன்றுசேர்ந்து ஓசோனாக மாறுகின்றன. அதுதான் கண்ணை எரிக்கிறது, ரப்பரைக்கூட வெடிக்க வைக்கிறது! எண்ணெய்க் கம்பெனிகளின் காசில் இயங்கிய ஆய்வாளர்கள் "இதெல்லாம் கதை" என்று சொல்லிப் பார்த்தார்கள். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் தீவிரமாக ஆராய்ந்து தன் கட்சியை நிரூபித்தார்.

கார் கம்பெனிகள் என்ன செய்தன? புகையைக் குறைக்கும் கருவிகளை யாரும் முந்திக்கொண்டு பொருத்திவிடக் கூடாது என்று தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து காலம் கடத்தியதாக, 1969-ல் அமெரிக்க அரசே அவற்றின் மீது வழக்குப் போட்டது. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, "இனி அப்படிச் செய்ய மாட்டோம்" என்று சமரசம் செய்துகொண்டன. இதற்கு நடுவில் கலிபோர்னியா மாநிலம் தனக்கென்று ஒரு காற்றுவள வாரியத்தை அமைத்தது. 1968-ல் அதன் முதல் தலைவராக உட்கார்ந்தவர் யார் தெரியுமா? நம் அன்னாசி விஞ்ஞானிதான்! இந்த வாரியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் மறுபடி வரும்.

*

அதுவரை எஞ்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டிக்கொண்டிருந்தது கார்புரேட்டர். பாவம், நல்ல உழைப்பாளி. ஆனால் நம் வீட்டில் பாட்டி காபி கலப்பது மாதிரி, எல்லாம் ஒரு கண் அளவுதான்! ஒரு நாள் டிகாக்ஷன் தூக்கல், ஒரு நாள் பால் தூக்கல். குளிர்ந்தால் ஒரு மாதிரி, மலை ஏறினால் வேறு மாதிரி.

கண் அளவுக்குப் பதில் எலெக்ட்ரானிக்ஸ் அளந்து ஊற்றினால் என்ன என்று அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களிலேயே யோசித்துவிட்டது. 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற அந்தக் கருவியை 1958-ல் கிரைஸ்லர் நிறுவனத்தின் மிகச் சில கார்களில் பொருத்தினார்கள். அந்தக்கால எலெக்ட்ரானிக் பாகங்களுக்கு எஞ்ஜினின் சூடும் அதிர்ச்சியும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊற்றிக்கொண்டது. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டு, பழையபடி கார்புரேட்டரையே மாட்டினார்கள்.

அந்த யோசனையின் உரிமை கடல் தாண்டி ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குப் போனது. பாஷ் அதைச் செதுக்கி, மெருகேற்றி, 1967-ல் 'டி-ஜெட்ரானிக்' என்று வெளியிட்டது. டிரான்ஸிஸ்டர்கள் நிறைந்த ஒரு பெட்டி. முதல் முதலாக அதைச் சுமந்து பெரிய அளவில் விற்பனைக்கு வந்த கார் எது? ஃபோக்ஸ்வேகன் 1600. எந்த நாட்டுக்காக? அமெரிக்காவுக்காக. எதற்காக? கலிபோர்னியாவில் இறுகிக்கொண்டிருந்த புகைக் கட்டுப்பாடுகளைத் தாண்டுவதற்காக!

ஃபோக்ஸ்வேகன் கார், பாஷ் பெட்டி, கலிபோர்னியாக் காற்று... இந்த மூன்று பெயர்களையும்கூட ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1970-ல் அமெரிக்கா 'தூய காற்றுச் சட்டம்' கொண்டுவந்தது. ஐந்தே வருடங்களில் கார்ப் புகையின் விஷத்தில் 90 சதவிகிதத்தைக் குறைக்க வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. கம்பெனிகள் அலறின. தப்பிக்க ஒரே வழி, சைலன்ஸருக்கு முன்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற சுத்திகரிப்புச் சட்டியை மாட்டுவது. மூன்று விதமான விஷங்களையும் ஒரே சட்டியில் போக்கும் வித்தையும் 1970-களிலேயே பிடிபட்டது. ஆனால் அந்தச் சட்டி ஒரு செல்லப்பிள்ளை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்தக் கணக்கில் இம்மியளவு பிசகினாலும் வேலை செய்ய மாட்டேன் என்று அடம் பிடிக்கும்!

பாட்டியின் கண் அளவு இனி உதவாது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை ஒரு சென்சார் விடாமல் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, விநாடிக்குப் பல முறை பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க வேண்டும். 1976-ல் வோல்வோ, பாஷ் தயாரித்த அந்த ஆக்ஸிஜன் சென்சாரைக் காரில் பொருத்தியது. இன்டெல்லின் முதல் மைக்ரோபிராஸஸர் வந்தது 1971-ல்தான். பத்தே வருடத்தில் அந்த ஜாதி சிப்புகள் காருக்குள் குடியேறிவிட்டன. 1977-ல் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ, 1978-ல் ஃபோர்டின் லிங்கன் வெர்செய்ல்ஸ், 1979-ல் பி.எம்.டபிள்யூ. 732ஐ என்று வரிசையாக! 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ஈ.சி.யு-வை வைத்துவிட்டது.

கொஞ்சம் தாமதமானாலும் நம் ஊருக்கும் அது வந்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் பதிவாகும் புதுக் கார்கள் ஐரோப்பியப் புகை அளவுகளுக்கு உட்பட வேண்டும் என்று சாட்டையைச் சொடுக்கியது. அந்தச் சமயத்தில் கார்களின் பின்பக்கம் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் பளபளத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கார்புரேட்டர் போய், பெட்டி வந்துவிட்டது என்பதன் விளம்பரம்தான் அது!

ஆக, காருக்கு மூளை வைத்தது வேகத்துக்காக அல்ல, சொகுசுக்காகவும் அல்ல. மூச்சுக்காக! அதை மறந்துவிடக் கூடாது.

*

ஆரம்ப காலப் பெட்டிகள் வெள்ளந்தி. திறந்தால் திறக்கும். கேட்டால் கண் சிமிட்டிப் பதில் சொல்லும். 1980-களின் கடைசியிலும் 90-களின் ஆரம்பத்திலும் வந்த பல பெட்டிகளில் வயதானதும் கெப்பாஸிட்டர்கள் கசிய ஆரம்பித்தன. மூடியைத் திறந்தால் மீன் மார்க்கெட் வாடை அடிக்கும்! மோப்பம் பிடித்தே நோயைக் கண்டுபிடித்து, சாலிடரிங் அயர்னை எடுத்துச் சில்லறைக் காசில் புதுக் கெப்பாஸிட்டர் வைத்துப் பிழைக்க வைத்தவர்கள் ஏராளம்.

இன்னும் சில கில்லாடிகள் ஆத்மாவிலேயே கை வைத்தார்கள். சிப்பில் இருந்ததைப் படித்து, பெட்ரோல் கணக்கை மாற்றி எழுதி, புது சிப்பில் பதித்துப் பொருத்தினார்கள். 2001-ல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள், 'மெகாஸ்க்வர்ட்' என்ற பெயரில் ஈ.சி.யு-வையே வீட்டில் உட்கார்ந்து தயாரித்துக்கொள்ள வழி செய்துவிட்டார்கள். பாகங்களை வாங்கி, நீங்களே பற்றவைத்து, உங்கள் பழைய காருக்கு நீங்களே மூளை செய்துகொள்ளலாம்!

ஆனால் இதற்குள் கம்பெனிகளின் பெட்டிகள் மெதுவாக வாயை மூட ஆரம்பித்திருந்தன.

முதல் பூட்டு, நியாயமான பூட்டு. கார்த் திருட்டு! சாவிக்குள் ஒரு குட்டி சிப் வைத்து, அதன் ரகசிய எண்ணை ஈ.சி.யு. ஏற்றுக்கொண்டால்தான் எஞ்ஜின் கிளம்பும் என்ற ஏற்பாடு வந்தது. இம்மொபிலைஸர் என்று பெயர். 1998-ல் ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஒயரைப் பிடுங்கி உரசி வண்டியைக் கிளப்பும் சினிமா வித்தை அத்தோடு ஒழிந்தது. திருடன் திண்டாடினான். கூடவே ஓனரும் திண்டாடினார்! காயலான் கடைப் பெட்டிக்கு அவருடைய சாவியைத் தெரியாது. அறிமுகம் செய்து வைக்கும் கருவி கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருந்தது. நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? பெட்டி, சாவித் துவாரம், சாவி என்று செத்த காரிலிருந்து குடும்பத்தோடு கழற்றி வந்து மாட்டினார்கள்!

இரண்டாவது பூட்டு, விசித்திரமானது. 1998-ல் அமெரிக்காவில் ஒரு காப்பிரைட் சட்டம் வந்தது. சினிமாவையும் பாட்டையும் கம்ப்யூட்டரில் காப்பியடிக்கிறவர்களைப் பிடிப்பதற்காக. டிஜிட்டல் பூட்டு எதையும் உடைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஈ.சி.யு-வுக்குள் இருப்பதும் ஸாஃப்ட்வேர்தானே? அதற்கும் பூட்டு இருக்கிறதே? ஆக, உங்கள் காரை நீங்கள் ரிப்பேர் செய்வதும் திருட்டு வீடியோ தயாரிப்பதும் ஒரே தட்டில் வந்து நின்றன!

"காசு கொடுத்து வாங்கியது நாங்கள். அதைத் திறந்து பார்க்க யாரைக் கேட்க வேண்டும்?" என்று அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'ரிப்பேர் செய்யும் உரிமை' வேண்டுமா என்று தேர்தலோடு சேர்த்து மக்களிடமே கேட்டார்கள். 'வேண்டும்' என்று குத்தியவர்கள் 80 சதவிகிதத்துக்கும் மேல்! 2015-ல் காப்பிரைட் அலுவலகத்திலும் இதே பஞ்சாயத்து. டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் ஒரு வாதம் வைத்தது பாருங்கள்: விவசாயி டிராக்டரை வாங்கினாலும், உள்ளே இருக்கும் ஸாஃப்ட்வேர் அவருக்குச் சொந்தமாவதில்லை. வண்டி இருக்கும் காலம்வரை அதைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமே உண்டு! கார்க் கம்பெனிகளும் "பூட்டைத் திறக்க விட்டால் ஆபத்து" என்று சேர்ந்து பாடின.

இதில் கவனிக்க வேண்டிய சாட்சி ஒன்று உண்டு. 2015 ஜூலையில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பே ஒரு கடிதம் எழுதியது. 'பெட்டியைத் திறக்க மக்களை அனுமதிக்காதீர்கள். எஞ்ஜினின் சக்தியைக் கூட்ட ஸாஃப்ட்வேரை மாற்றுவார்கள். விஷப் புகை அதிகமாகும்' என்று அதில் கவலைப்பட்டது.

அது பொய்யான கவலை அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். டீசல் பிக்கப் டிரக்குகளின் சுத்திகரிப்புக் கருவிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குத் தோதாகப் பெட்டியையும் மாற்றி எழுதிக்கொண்டவர்கள் அமெரிக்காவில் கொஞ்சநஞ்சமல்ல. பத்து வருடங்களில் 5 லட்சத்து 50 ஆயிரம் வண்டிகளுக்கு மேல் இப்படி ஆகியிருக்கும் என்று அதே அமைப்பு 2020-ல் கணக்குச் சொன்னது. வீட்டு கராஜில் எல்லோரும் உத்தமர்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் 2015 ஜூலையில் அந்தக் கடிதம் போனபோது, பூட்டிய பெட்டிக்குள்ளேயே ஒரு மகா திருடன் வருடக்கணக்கில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான்!

*

ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையில் ஒரு சின்னக் குழு. டீசல் கார்கள் ஆய்வுக்கூடத்தில் அல்லாமல், நிஜமான ரோட்டில் எவ்வளவு புகை விடுகின்றன என்று அளப்பது அவர்கள் வேலை. யாரையும் பிடிக்கும் நோக்கமே அவர்களுக்குக் கிடையாது. மூன்று கார்களை எடுத்துக்கொண்டு, டிக்கியில் அளக்கும் கருவிகளை ஏற்றி கலிபோர்னியாவில் சுற்றினார்கள். ஒன்றை சியாட்டில் வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார்கள்.

2014 மே மாதம் முடிவு வந்தது. ஒரு கார் ஒழுங்கு. மற்ற இரண்டும் ஃபோக்ஸ்வேகன்கள். ஒன்று நைட்ரஜன் ஆக்ஸைடை அனுமதித்த அளவைப் போல் 15 முதல் 35 மடங்கு கக்கியது. மற்றது 5 முதல் 20 மடங்கு! அதே கார்களை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தால், பரம சாதுவாகப் பாஸ் செய்தன.

அந்த ஆய்வுக்கூடம் யாருடையது என்கிறீர்கள்? கலிபோர்னியக் காற்றுவள வாரியத்துடையது. அதற்கு வைத்திருந்த பெயர், ஹாகன்-ஸ்மிட் ஆய்வுக்கூடம். ஆமாம், அன்னாசிப் பழ விஞ்ஞானியின் பெயர்தான்!

வாரியத்தின் எஞ்ஜினீயர்கள் விடவில்லை. கம்பெனி ஏதேதோ சமாதானம் சொன்னது. 'ஸாஃப்ட்வேரைச் சரிசெய்கிறோம்' என்று சுமார் 5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துப் பெட்டியில் மாற்றம் செய்தது. வாரியம் மறுபடி அளந்தது. குட்டு அப்படியே இருந்தது. "2016 மாடல்களுக்கு அனுமதி தர மாட்டோம்" என்று வாரியம் இறுக்கியதும், 2015 செப்டம்பர் ஆரம்பத்தில் கம்பெனி உண்மையைக் கக்கியது.

அந்தப் பெட்டி செய்த தில்லாலங்கடி இதுதான். ஸ்டீரிங் எப்படித் திரும்புகிறது, வேகம் எப்படி ஏறி இறங்குகிறது, எஞ்ஜின் எத்தனை நேரம் ஓடுகிறது, காற்றின் அழுத்தம் என்ன என்று சகலத்தையும் கவனிக்கும். 'சக்கரம் ஓடுகிறது, ஸ்டீரிங் ஆடவில்லை. ஓஹோ, நாம் பரிட்சை ஹாலில் இருக்கிறோம்!' என்று புரிந்துகொள்ளும். உடனே சுத்திகரிப்பை முழுதாக முடுக்கிவிட்டு நல்ல பிள்ளையாகிவிடும். ரோட்டுக்கு வந்ததும் பழைய குருடி, கதவைத் திறடி!

செப்டம்பர் 18-ம் தேதி, 'பெட்டியைத் திறக்க விடாதீர்கள்' என்று இரண்டே மாதங்களுக்கு முன்னால் எழுதிய அதே சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, ஃபோக்ஸ்வேகனுக்குக் குற்றப் பத்திரிகை நீட்டியது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள் சம்பந்தப்பட்டிருந்தன. ஒரே வாரத்தில் தலைமை அதிகாரி மார்ட்டின் விண்டர்கார்ன் ராஜினாமா செய்தார். 2017-ல் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

பெட்டியைத் தயாரித்தது? பாஷ்! 1967-ல் கலிபோர்னியாவின் காற்றைக் காப்பாற்ற என்று புறப்பட்ட அதே ஃபோக்ஸ்வேகன் – பாஷ் ஜோடி, 48 வருடம் கழித்து அதே கலிபோர்னியாவில், அதே பெட்டிக்காக மாட்டிக்கொண்டது. காற்றை அளக்க வைத்த மூளைக்கு, அளக்கிறவனை ஏமாற்றவும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்!

இங்கேதான் நம் கராஜ் மனிதரின் ஜாதியைச் சேர்ந்த இன்னொருவர் வருகிறார். ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மன் ஹேக்கர். அவரிடமும் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார் ஒன்று இருந்தது. 'என் காருக்குள் என்ன ஓடுகிறது என்று நானே பார்க்கிறேன்' என்று, இன்டர்நெட் சந்தையில் இன்னொரு ஈ.சி.யு. வாங்கி, உள்ளே இருந்த ஸாஃப்ட்வேரை உருவி எடுத்து, வரி வரியாகப் படித்தார். பரிட்சையை அடையாளம் காணும் கணக்கு அங்கே இருந்தது. அதற்குச் சூட்டியிருந்த பெயர், ஏதோ எஞ்ஜின் சத்தம் சம்பந்தப்பட்ட அப்பாவி ஏற்பாடு போல! 2015 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் அதை மேடையேற்றிக் காட்டினார். பிறகு அமெரிக்க, ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வேலையை விரிவாகச் செய்தபோது, அவர்களுக்குக் கை கொடுத்தவை எவை தெரியுமா? காரின் சக்தியைக் கூட்டுவதற்காகப் பெட்டிகளைப் பிரித்து மேய்ந்த அந்த 'டியூனிங்' ஆசாமிகள் சேர்த்து வைத்திருந்த ஸாஃப்ட்வேர் பிரதிகளும்தான்!

அந்த வருட அக்டோபரில், காப்பிரைட் பஞ்சாயத்திலும் தீர்ப்பு வந்தது. ரிப்பேருக்காகவும் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காகவும் காரின் ஸாஃப்ட்வேர் பூட்டை ஓனர் திறக்கலாம். ஆனால் புகைச் சட்டங்களை மீறக் கூடாது. 2016 அக்டோபரில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2020-ல் மாசசூசெட்ஸ் மக்கள், ரேடியோ அலை வழியாகக் கம்பெனிக்குப் பறந்து போகும் காரின் தகவல்களும் ஓனருக்குக் கிடைக்க வேண்டும் என்று இன்னொரு முறை ஓட்டுப் போட்டார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. சண்டை சட்டென்று ஓயும் ரகமில்லை.

யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறீர்களா? பெட்டியைத் திறக்க விட்டால், சிலர் திருட்டு வேலை செய்வார்கள். அது ஒரு டிரக்கின் புகை. அந்த ஓனரைப் பிடித்து அபராதம் போடலாம். பெட்டியை யாருமே திறக்க முடியாது என்று ஆக்கிவிட்டால், திருட்டு வேலையைச் செய்யும் வசதி ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. அது 1 கோடியே 10 லட்சம் கார்களின் புகை!

இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஒன்றல்ல, பல பெட்டிகள் இருக்கின்றன. பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் உங்களுக்காக, உங்களைக் கேட்காமலே ஏதோ முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அவற்றைப் பிரிக்கப் போவதில்லைதான். நானும் மாட்டேன்! ஆனால் உங்கள் தெருக்கோடி மெக்கானிக் ஒருவராவது, எங்கோ ஒரு கல்லூரி மாணவனாவது அதைத் திறந்து பார்க்க முடிய வேண்டும். அப்படி ஒருவன் திறந்து பார்ப்பான் என்ற பயம் இருக்கும்வரைதான் பெட்டி ஒழுங்காக இருக்கும்.

அந்தப் பழைய பெட்டி ஒரு பேப்பர் கிளிப்புக்குப் பணிந்து, கண் சிமிட்டி, தன் நிலைமையை ஒளிக்காமல் சொன்னது. இன்றைய பெட்டி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு புத்திசாலி.

புத்திசாலிகள் பேசாமல் இருந்தால், கொஞ்சம் சந்தேகப்படுவதுதானே நியாயம்?